சைக்கிளைச் சுவரில் மாட்டாதீங்க

இந்தத் தடவை தக்காளி விலை பத்தி எழுதலை. கொஞ்சம் சண்டை போடலாம்னு வந்திருக்கேன். உங்களோடதான்.

சென்னை, கோயமுத்தூர், மதுரைன்னு எங்கே போனாலும் இப்ப ஒண்ணு கண்ணில் படுது. காபிக்கடைச் சுவரில் பழைய சைக்கிள். ஹேண்டில்பாரில் பூந்தொட்டி, பார் பூராம் சின்னச் சின்ன மஞ்சள் பல்பு. டயரில் காத்து இல்லை. செயின் பெயிண்டோடு பெயிண்டா ஒட்டிக் கிடக்கு. கல்யாண மண்டப வாசலில் போட்டோ பிடிக்க ஒண்ணு, துணிக்கடை கண்ணாடிக்குள்ளே ஒண்ணு. இதுக்கு 'ரெஸ்டோரேஷன்'னு பேரு. பழசை மீட்டு எடுத்திருக்காங்களாம்.

எனக்குத் தெரிஞ்சு அது மீட்பு இல்லை, பாடம் பண்றது. ஜமீன் வீட்டுச் சுவரில் புலித்தலையைப் பாடம் பண்ணி மாட்டுவாங்களே, அந்த வகை. ஒரே வித்தியாசம், புலியைச் செத்த பிறகு மாட்டுனாங்க. சைக்கிளை உயிரோட மாட்டுறாங்க.

போன மாசி மாசம் எங்க ஊருக்கே ஒரு கார் வந்துச்சு. நான் இருக்கிறது திண்டுக்கல்லுக்கு வடக்கே, வேடசந்தூர் போற பக்கம். காரில் வந்த தம்பி மரியாதையாத்தான் கேட்டார்.

"ஐயா, இந்த வண்டியைக் குடுப்பீங்களா? நல்லா ரெஸ்டோர் பண்ணி வச்சுக்கிறோம்."

"வச்சு?"

"எங்க ஆபீஸ் வாசல்ல நிறுத்துவோம். சூப்பரா இருக்கும்."

"யாருங்க தம்பி ஓட்டுவா?"

சிரிச்சார். "இதையெல்லாம் இப்ப யாருங்க ஐயா ஓட்டுவா?"

நான் அப்பத்தான் சொசைட்டியில் பாலை ஊத்திட்டு அந்த வண்டியிலேயே வந்து இறங்கியிருக்கேன். கேரியரில் கேன்கூட இன்னும் அவுக்கலை. 3,000 ரூபாய் தர்றேன்னார், பிறகு 5,000-க்கு வந்தார். வேண்டாம்னு அனுப்பிட்டேன். அதே தம்பி பக்கத்து ஊரில் ஒரு பெரியம்மாகிட்ட 800 ரூபாய்க்கு ஒரு ராலே வாங்கிட்டுப் போனார்னு பிறகு கேள்விப்பட்டேன். அந்த வண்டிக்கு வேண்டியது ரெண்டு டயரும் ஒரு நாள் வேலையும்தான்.

அது என்ன வண்டின்னு முதல்ல சொல்லிடறேன். நீங்க 'விண்டேஜ்'னு சொல்ற அந்தக் கறுப்பு சைக்கிள் இங்கிலாந்து தாத்தா, இந்தியப் பேரன்னு ரெண்டு தலைமுறை. ராலே, நாட்டிங்ஹாம் நகரத்தில் 1880-களின் கடைசியில் பிறந்த கம்பெனி. பி.எஸ்.ஏ., ஹெர்குலிஸ் ரெண்டும் பர்மிங்ஹாம். சுதந்திரத்துக்குப் பிறகு இங்கேயே செய்ய ஆரம்பிச்சாங்க. முருகப்பா குடும்பம் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸோடு சேர்ந்து 1949-ல் மெட்ராஸில் டி.ஐ. சைக்கிள்ஸ் கம்பெனியைத் தொடங்குச்சு. அம்பத்தூரில் இருந்து ஹெர்குலிஸ் வந்துச்சு. வங்காளத்து அசன்சாலில் சென்-ராலே, அரியானா சோனிபட்டில் 1951-ல் அட்லஸ், பிறகு லூதியானாவில் ஹீரோ. எங்கப்பா 1960-களில் வாங்கினது அம்பத்தூர் ஹெர்குலிஸ். நான் குரங்குப் பெடல் போட்டுப் பழகினதும் அதில்தான். இன்னைக்குப் பால் கொண்டு போறதும் அதில்தான்.

இப்ப தாத்தா வீடு என்ன ஆச்சு? நாட்டிங்ஹாம் ஆலையில் 2002-ல் சைக்கிள் செய்றதை நிறுத்திட்டாங்க. நம்ம அட்லஸ், சாகிபாபாத்தில் இருந்த தன் கடைசி ஆலையை 2020 ஜூன் 3-ஆம் தேதி நிறுத்துச்சு. அன்னைக்குத்தான் உலக சைக்கிள் தினம். செஞ்ச ஆலைகள் மூடிப்போச்சு, செஞ்ச வண்டி ஓடுது. ஓடுற வண்டியைப் பிடிச்சு ஆணியில் மாட்டினா எனக்குக் கோபம் வருமா வராதா?

சைக்கிளை மீட்கிறதுக்கு எங்க ஊரில் ரொம்ப நாளா ஒரு வார்த்தை இருக்கு. 'ஓவராயில்'. வெள்ளைக்காரன் வார்த்தைதான், சைக்கிள் கடைக்காரங்க வாயில் விழுந்து இப்படி ஆயிருச்சு. வருசத்துக்கு ஒரு தடவை, பொங்கலுக்கு முந்தியோ ஆடிக் காத்து முடிஞ்சோ, வண்டியை ஓவராயிலுக்கு விடுவாங்க. ஓவராயில்னா என்னான்னு தெரிஞ்சா சுவரில் மாட்ட உங்களுக்கே மனசு வராது. அதனால கொஞ்சம் விவரமாவே சொல்றேன்.

என் பட்டறை மாட்டுக்கொட்டகையை ஒட்டின சாய்ப்பு. ஒரு பழைய சாக்கு, ஒரு சுத்தியல், எலும்பு மாதிரி ரெண்டு பக்கமும் பல ஓட்டை வச்ச ஸ்பேனர், ஒரு பிளேயர், ரெண்டு ஸ்க்ரூடிரைவர், நிப்பிள் சாவி, ஒரு அலுமினியத் தட்டு. அம்புட்டுத்தான். வண்டியைத் தலைகீழா நிறுத்திட்டு ஒவ்வொண்ணாக் கழட்டணும். கழட்டின வரிசையிலேயே சாக்கில் அடுக்கணும். மாட்டும்போது கடைசியில் இருந்து ஆரம்பிச்சா எதுவும் மிஞ்சாது.

முதல் சண்டை காட்டர் பின்னோட. பெடல் கட்டையை அச்சில் இறுக்கிப் பிடிச்சிருக்கிற ஆப்பு அது. பல வருசம் கழட்டாத வண்டியில் துருவேறி ஒட்டிக்கும். மூணு நாள் முந்தியே எண்ணெய் விட்டு ஊறப் போடணும். பெடல் கட்டைக்கு அடியில் ஒரு இரும்புக் குழாயைத் தரையில் இருந்து முட்டுக் கொடுத்துட்டுத்தான் மேலே இருந்து ஒரே அடி அடிக்கணும். முட்டுக் கொடுக்காம அடிச்சா அடி பூராம் உள்ளே இருக்கிற பால்ரஸ் மேல போகும், கிண்ணத்தில் பள்ளம் விழும். அப்புறம் எம்புட்டு கிரீஸ் வச்சாலும் கடகடன்னு சத்தம்தான். இடது பெடல் மரை தலைகீழா இருக்கும், வலது பக்கம் சுத்தினாத்தான் கழலும். இது தெரியாம முட்டி மோதி மரையை மழுக்கின ஆள் நிறைய.

அடுத்து பால்ரஸ். முன் சக்கரத்தில் பக்கத்துக்கு 10, பின் சக்கரத்தில் பக்கத்துக்கு 9, நடு அச்சில் பக்கத்துக்கு 11. மொத்தம் 60 குண்டு. ஹேண்டில் கழுத்திலும் பெடலிலும் இருக்கிறது தனி. தட்டில் போட்டு மண்ணெண்ணெயில் கழுவி, கிடைக்காட்டி டீசலில் கழுவி, ஒவ்வொண்ணா வெளிச்சத்தில் பார்க்கணும். புள்ளி விழுந்தது, நிறம் மங்கினது ஒண்ணு இருந்தாலும் அந்தப் பக்கம் பூராம் புதுசு போடணும், ஏன்னா பழசும் புதுசும் கலந்தா பெரிசா இருக்கிற குண்டுதான் பாரத்தைச் சுமக்கும். கிண்ணத்தில் கிரீஸை அப்பி குண்டை ஒட்ட வச்சு கோனைத் திருகணும். ரொம்ப இறுக்கினா சக்கரம் முனகும், விட்டா ஆடும். ரெண்டுக்கும் நடுவில் ஒரு இடம் இருக்கு. அதைக் கையில்தான் கண்டுபிடிக்கணும். சக்கரத்தைத் தூக்கிப் பிடிச்சா வால்வு கனத்துக்குத் தானா ஆடி ஆடி வந்து கீழே நிக்கணும். அதுதான் பரீட்சை.

போக்ஸ் கம்பி முன்னாடி 32, பின்னாடி 40. பாரமும் ஆளும் பின்னாடிதான் உக்காரும்னு அந்தக் காலத்திலேயே கணக்குப் போட்டு வச்சிருக்கான். கோட்டம் எடுக்க மெஷின் வேண்டாம். போர்க்கில் ஒரு சாக்பீஸைப் பிடிச்சுச் சக்கரத்தைச் சுத்தினா எங்கே கோடு விழுதோ அங்கே கோட்டம். எதிர்ப்பக்கக் கம்பியைக் கால் சுத்து இறுக்கணும். அவசரப்பட்டு ஒரே கம்பியை முழுச் சுத்து இறுக்கினா ரிம் எட்டுப் போட்டுரும். செயினுக்கு ஸ்கேலே போதும். 24 கண்ணி சரியா 12 இஞ்ச் இருக்கணும். அரைக்கால் இஞ்ச் கூடிருச்சுன்னா செயினை மாத்திடுங்க, இல்லாட்டி அது பல்சக்கரத்தைத் தின்னுரும்.

குரோம் மேல துரு படிஞ்சிருந்தா கெமிக்கல் எதுவும் வேண்டாம். பிரியாணிப் பொட்டலத்தில் வருதே அலுமினியத் தாள், அதைக் கசக்கித் தண்ணியில் நனைச்சுத் தேய்ங்க. அலுமினியம் குரோமைவிட மெது, அதனால கீறாது. எங்க திண்டுக்கல்லில் அந்தத் தாளுக்குப் பஞ்சம் கிடையாது.

இம்புட்டுக்கும் ரெண்டு நாள் ஆகும். செலவு கிரீஸு, பால்ரஸ், பிரேக் கட்டை, வால்டியூப்னு சில நூறு ரூபாய். டயர் மாத்தினா அது தனி. முடிச்சுட்டு ஒரு மிதி மிதிச்சா செயின் சத்தம் தவிர வேற சத்தம் இருக்காது. இதுக்குப் பேருதான் மீட்கிறது.

இப்ப உங்க ஆளுங்க செய்றதைப் பார்ப்போம். பிரேமைத் தனியாப் பிரிச்சு மணலைப் பீய்ச்சி அடிச்சு மொத்தப் பெயிண்டையும் உரிக்கிறாங்க. பிறகு பவுடர் தூவி, கிட்டத்தட்ட 200 டிகிரி அடுப்பில் வேகவச்சு எடுக்கிறாங்க. பளபளன்னு இருக்கும், இல்லைங்கலை. ஆனா கையால் இழுத்த தங்கக் கோடு, கம்பெனி முத்திரை, வித்த கடையோட பேர்த்தகடு, அந்தக் காலத்தில் முனிசிபாலிடி வரி கட்டினதுக்கு அடிச்ச வில்லை எல்லாம் போச்சு. ஆளோட ஆதார் கார்டைக் கிழிச்சுப் போட்டுட்டு முகத்துக்குப் பவுடர் போட்ட கதை. அதைவிட மோசம், மூடாம விட்டா அந்த மணலும் பவுடரும் மரைக்குள்ளேயும் கிண்ணம் உக்காரும் இடத்துலயும் போய் ஏறிக்கும். அப்புறம் கிண்ணம் உக்காராது. சுவரில் மாட்டப் போறவருக்கு அதைப் பத்தி என்ன கவலை? பால்ரஸே போடாம ஒப்பேத்தின வண்டியை நான் கண்ணால பார்த்தேன்.

பெயிண்டே கூடாதுன்னு சொல்லலை. துரு தின்ன இடத்தை மட்டும் உரசிட்டு ஒரு சின்ன டப்பா கறுப்பு எனாமல் அடிங்க, போதும். தோல் சீட்டை மாத்தாதீங்க. அடிப்பக்கமா லேசா எண்ணெய் காட்டி, கீழே இருக்கிற நட்டை ரெண்டு சுத்து இறுக்கினா தொங்கின தோல் நிமிர்ந்துக்கும். தோலுக்குப் பேர்போன திண்டுக்கல்லில் இருந்துக்கிட்டே, தோல் மாதிரி அச்சடிச்ச பிளாஸ்டிக் சீட்டைப் போட்டு 'விண்டேஜ் லுக்'னு விக்கிறதைப் பார்த்தா எனக்குச் சிரிப்பு வருது.

சரி, உங்க பக்கத்து நியாயத்துக்கு வருவோம்.

"நாங்க வாங்காட்டி அது இரும்புக்கடைக்குத்தானே போயிருக்கும்?" உண்மைதான். எங்க ஊர்க்காரங்களே கிலோ கணக்கில் எடை போட்டு விக்கிறாங்க. தவணையில் பைக் வாங்கிட்டு, அப்பன் சைக்கிளைப் பேரீச்சம்பழத்துக்குப் போட்ட பயல்களையும் நான் திட்டிட்டுத்தான் இருக்கேன். ஆனா இரும்புக்கடையாவது அதை உருக்கி வேற ஒண்ணுக்குக் கொடுக்கும். உங்க சுவர் அதையும் செய்யாது. இரும்புக்கடையில் இருந்து காப்பாத்தினேன்னு சொல்ற உரிமை அதை ஓட்டுறவருக்குத்தான் உண்டு.

"அது 20 கிலோ கனம், யாரு மிதிக்கிறது?" மலை ஏறச் சொல்லலையே. கொடைக்கானலுக்கு அதில் போகாதீங்க. திண்டுக்கல் சமவெளி தட்டையா கிடக்கு. உங்க சென்னை அதைவிடத் தட்டை. கனம் எதுக்குன்னா, ரெண்டு மூட்டை தீவனத்தையும் பின்னாடி ஒரு ஆளையும் ஏத்தினாலும் பிரேம் முனகாம இருக்கணும்னுதான். நீள வண்டி, சாஞ்ச போர்க்கு, அதனால குண்டும் குழியுமான ரோட்டில் முதுகு பிடிக்காது. ஆபீஸ் பை ஒண்ணு கேரியரில் வைக்க இது ஏலாதா?

"சாமான் கிடைக்காது." கிடைக்கும். அந்த 28-க்கு 1½ டயர் இன்னும் இந்தியாவில் செய்றாங்க. போக்ஸ், பிரேக் கட்டை, காட்டர் பின் எல்லாம் டவுனில் கிடைக்குது. இங்கிலாந்து ராலேயில்தான் ஒரு சிக்கல். மத்தவன் இஞ்ச்சுக்கு 24 மரை போட்டா, நாட்டிங்ஹாம்காரன் 26 போட்டு வச்சிருக்கான். நடு அச்சுக் கிண்ணமும் கழுத்து நட்டும் வேற வண்டியுது சேராது. அதனாலதான் சொல்றேன், நல்ல கிண்ணம் இருக்கிற ராலேயைச் சுவரில் மாட்டுறது, தேவைப்படுற இன்னொரு ராலேயோட வயித்தில் அடிக்கிறது.

இனிமேத்தான் என் உண்மையான வழக்கு. சைக்கிள் போறதைவிட, அதைத் திறக்கத் தெரிஞ்ச கை போறதுதான் எனக்குப் பயமா இருக்கு.

எங்க பக்கத்தில் பஸ் ஸ்டாப்புக்கு ஒரு சைக்கிள் கடை இருந்துச்சு. மணிக்கணக்கில் வாடகைக்கும் விடுவாங்க. சின்னாளபட்டிச் சேலை மூட்டையைக் கேரியரில் கட்டி ஊர் ஊரா வித்தவர், ஐஸ் பெட்டிக்காரர், தபால்காரர் எல்லாரும் அந்தக் கடைகளை நம்பித்தான் ஓடினாங்க. இப்ப ஏழெட்டு ஊருக்கு ஒரு கடை. அதில் ஒரு அண்ணன், என்னைவிட மூத்தவர், கண்ணுல புரை. பையன் கம்பெனி வேலைக்குப் போயிட்டான். அவர் சக்கரத்தைச் சுத்திவிட்டு, கண்ணை மூடிக்கிட்டு, காதாலேயே கோட்டத்தைச் சொல்லுவார். ஓவராயிலுக்கு 400 ரூபாய் கேட்டா 250-க்கு வருமான்னு பேரம் பேசுறாங்க. அதே ஆளுங்க பவுடர் கோட்டிங்குக்குக் கேட்ட காசை எண்ணிக் கொடுக்கிறாங்க. பெயிண்டுக்குக் காசு இருக்கு, கைக்கு இல்லை.

இந்தக் கதை திண்டுக்கல்காரனுக்குப் புதுசு இல்லை. எங்க ஊர்ப் பூட்டு கையால் செய்றது. நெம்புகோல் வச்ச பூட்டு, கள்ளச்சாவிக்கு லேசில் மசியாது. அலிகாரில் இருந்து மெஷின் பூட்டு மலிவா வந்து இறங்குச்சு. பட்டறை ஒவ்வொண்ணா மூடுச்சு. 2019-ல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கொடுத்தாங்க. சந்தோசம். ஆனா வீட்டில் யாரும் பூட்டாத பூட்டுக்குப் பட்டயம் கொடுத்து என்ன பண்ண? பூட்டு அடிக்கிறவருக்கு வேணுங்கிறது பூட்டு வாங்குற ஆளு. சைக்கிளுக்கும் அதேதான்.

பழைய சைக்கிள்ல ரகசியம்னு எதுவும் கிடையாது. எல்லா நட்டும் வெளியே தெரியும், எதைத் திருகினா எது அசையும்னு பத்து வயசுப் பையன் பார்த்தே புரிஞ்சுக்குவான். இப்ப வர்ற வண்டிகள்ல பால்ரஸை டப்பாவில் அடைச்சு வச்சிருக்கு. பழுதானா டப்பாவோட தூக்கிப் போடணும். அதையும் கழட்ட தனி ஆயுதம் வேணும். என் பாசன மோட்டார் ஸ்டார்ட்டரையே நான் திறக்க முடியாத காலம் வந்துருச்சு. நான் திறந்து சரி பண்ண முடிஞ்சதாத்தான் என் பொருள். மத்ததெல்லாம் கம்பெனிக்காரன் என்கிட்ட கொடுத்து வச்சிருக்கிறது.

அதோட இன்னொண்ணு. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் ஷீலா ராணி சுங்கத் கலெக்டரா இருந்தப்ப, அறிவொளி இயக்கத்தோட பெண்கள் ஆயிரம் ஆயிரமா சைக்கிள் பழகினாங்க. பத்திரிகையாளர் சாய்நாத் அதை எழுதியிருக்கார். லேடீஸ் சைக்கிள் தட்டுப்பாடு ஆனப்போ, அவங்க பார் வச்ச ஆம்பளை சைக்கிளை வாங்கினாங்க. கூச்சப்படலை. பாரில் பிள்ளையை உக்கார வைக்கலாம்ல, அதனால அதுதான் வசதின்னாங்க. நீங்க மஞ்சள் பல்பு சுத்தி வச்சிருக்கீங்களே, அதே பார். கல் உடைச்ச பெண்ணும் வயல் வேலைக்குப் போன பெண்ணும், யாரையும் கெஞ்சாம நினைச்ச இடத்துக்குப் போக உதவின இரும்பு அது.

நம்ம அரசாங்கம் பிள்ளைகளுக்கு விலையில்லாச் சைக்கிள் கொடுக்குது. 2001-02-ல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்குன்னு ஆரம்பிச்சு, பிறகு அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பொதுவா விரிஞ்ச திட்டம். நல்ல திட்டம். ஆனா ரெண்டு வருசத்தில் நடு அச்சு ஆடுது, சரி பண்ண ஆள் இல்லை, புளியமரத்தடியில் சாத்திடறாங்க. எங்க தெருவில் அப்படி நாலு வண்டி கிடந்துச்சு. ரெண்டு பயலுகளைக் கூப்பிட்டு என் சாய்ப்பில் உக்கார வச்சு அவங்க கையாலேயே ஓவராயில் பண்ண வச்சேன். மூணு வண்டி இப்ப ஓடுது. நாலாவது மத்த மூணுக்கும் சாமான் கொடுத்துச்சு.

அதனால கேட்டுக்கிறேன். கிராமத்தில் ஒரு பெரியம்மா வீட்டு வாசலில் பழைய சைக்கிளைப் பார்த்தா, "ஓட்டப் போறேனா?"ன்னு உங்களையே ஒரு தடவை கேளுங்க. ஓட்டுவீங்கன்னா வாங்குங்க. வாங்கும்போது 800 ரூபாய் கொடுத்து ஏமாத்தாதீங்க, அதோட மதிப்பு உங்களுக்குத் தெரியும், அவங்களுக்குத் தெரியாது. உங்க தாத்தா வண்டி பரணில் இருந்தா இறக்குங்க. மணல் அடிக்கிறவர்கிட்ட கொண்டு போகாம, உங்க ஏரியாவில் வேப்பமரத்தடியில் பம்பு வச்சுக்கிட்டு ஒரு பெரியவர் உக்காந்திருப்பாரு, அவர்கிட்ட கொண்டு போங்க. கேட்ட காசைக் கொடுங்க. ரெண்டு நாளும் உங்க பிள்ளையைப் பக்கத்தில் நிக்க வச்சு, கழுவுற 60 குண்டையும் எண்ணச் சொல்லுங்க.

ஏற்கெனவே சுவரில் மாட்டிட்டீங்கன்னா, நாளைக்கு ஞாயிற்றுக்கிழமைதானே. பல்பைக் கழட்டுங்க, தொட்டியை மண்ணில் வைங்க, வண்டியை இறக்குங்க. புது வால்டியூப் போட்டுக் காத்தடிங்க. நிக்குதான்னு பாருங்க.